பதவி போன பிறகு ஒரு நாட்டுத் தலைவரின் பெயர் மீள முடியுமா?

முடியும். ஆனால் விளக்கம் கொடுத்து மீண்டவர் எவரையும் நான் கண்டதில்லை. உங்கள் மனதுக்குப் பிடித்த தலைவர் ஒருவர் இப்போது வசைபடுவதைப் பார்த்து வருந்தித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் அப்பா ஓர் ஊழியர் சங்கத்துக்கு 11 ஆண்டுகள் தலைவராக இருந்தார். சங்கத் தலைவரை நாட்டுத் தலைவரோடு ஒப்பிடுவதா என்று சண்டைக்கு வராதீர்கள்; அவமானம் எல்லா அளவிலும் ஒன்றுதான். ஒரு வேலைநிறுத்தத்தை அவர் பாதியில் முடித்துக்கொண்டார். 'விலைபோய்விட்டார்' என்று நோட்டீஸ் அடித்தார்கள். தேர்தலில் தோற்றார். அதன்பின் இரண்டு ஆண்டுகள் இரவெல்லாம் கார்பன் தாள் வைத்து விளக்கக் கடிதங்கள் எழுதினார். விரல் நுனியில் நீலம் போகவே போகாது. ஒருவரும் பதில் போடவில்லை.

பிறகு, இறந்துபோன ஊழியர் ஒருவரின் மனைவி குடும்ப ஓய்வூதியத்துக்காக வந்தார். அப்பா மனு எழுதிக் கொடுத்தார். அடுத்து இன்னொருவர், பிறகு பலர். நோட்டீஸ் அடித்தவரே ஒருநாள் தன் கோப்புடன் வந்து நின்றார். அப்பா படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தார்.

அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பென்சில் குறிதான் நினைவுக்கு வரும். 1980 தேர்தலில் 44 மாநிலங்களை ரீகனிடம் இழந்தவர் அவர். 1982இல் மனைவியோடு சேர்ந்து ஒரு மையம் தொடங்கி, நரம்புச் சிலந்தி (கினிப் புழு) நோயை ஒழிக்க இறங்கினார். 1986இல் ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேரை வதைத்த நோய், 2023இல் 14 பேராகக் குறைந்தது. நோயாளிகளில் ஒருவருக்கும் அமெரிக்காவில் வாக்கு இல்லை. ஆனாலும் அவருடைய ஆட்சியை வெற்றி என்று பலர் இன்றும் ஏற்பதில்லை. மனிதரின் மீதான மதிப்பு உயர்ந்தது; ஆட்சியின் மீதான தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. அப்பாவுக்கும் அப்படியே. அந்த வேலைநிறுத்தத்தை அவர் முடித்த விதம் தவறு என்றே நானும் நினைக்கிறேன்.

நம் முன்னாள் பிரதமர் நரசிம்ம ராவின் கதை வேறு. லஞ்ச வழக்கில் 2000இல் தண்டனை, 2002இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை. 2004 டிசம்பரில் அவர் உடலைச் சுமந்த வண்டி டெல்லியில் காங்கிரஸ் கட்சித் தலைமையக வாசலுக்கு வெளியிலேயே நின்றது. 2024இல் பாரத ரத்னா வந்தது, அதுவும் அவர் கட்சியை எதிர்க்கும் பா.ஜ.க. அரசின் கையால். 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்துக்காக அவரைப் போற்றுவது நியாயமே. பாபர் மசூதி இடிக்கப்பட்ட 1992 டிசம்பர் 6ஐ அதற்காக மறக்க முடியாது. என்னைக் கட்சிக்காரன் என்று முத்திரை குத்த வேண்டாம், எனக்கு எந்தக் கட்சியும் இல்லை.

எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. குற்றச்சாட்டை நான்கு பத்தியில் போட்ட பத்திரிகை, அப்பாவின் மறுப்பை ஒரு வரிகூடப் போடவில்லை. அவர் இறந்த பிறகு சங்கத்தில் படத்திறப்பு விழா வைத்து எங்களை அழைத்தார்கள். நான் போனேன். அம்மா வரவில்லை.