தங்கப் பதக்கம் மட்டும்தான் அளவுகோலா?

நெடுந்தூர ஓட்டக்காரர்களை ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப் வெற்றிகளை வைத்துத்தான் எடைபோட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். பெரிய அளவுகோல் அதுதான், ஆனால் அது மட்டும் போதாது.

சாம்பியன்ஷிப்பில் முன்னால் ஓடி வேகம் அமைத்துக் கொடுக்க ஆள் கிடையாது. பாதி தூரம் ஒருவரையொருவர் நோட்டம் விட்டுவிட்டு, கடைசிச் சுற்றில் பாய்வார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக் 10,000 மீட்டரில் எத்தியோப்பியாவின் கெப்ரசெலாசி கென்யாவின் டெர்காட்டை முந்தியது வெறும் 0.09 விநாடியில். அந்த இமைப்பொழுதுக்காக டெர்காட்டை ஒரு படி கீழே இறக்குவதா? 2003இல் பெர்லினில் மாரத்தான் உலக சாதனை படைத்தவர் அவர்.

ஆஸ்திரேலிய ஓட்டக்காரர் ரான் கிளார்க் கதை இன்னும் கொடுமை. 17 உலக சாதனைகள். ஒலிம்பிக்கில் கிடைத்தது 1964இல் ஒரே ஒரு வெண்கலம். 1968இல் காற்று மெலிந்த மெக்சிகோ சிட்டியில் ஓடி முடித்ததும் சுருண்டு விழுந்தார். பிரிட்டனின் மோ ஃபாரா நேரெதிர்: நான்கு ஒலிம்பிக் தங்கம், ஆனால் 5,000, 10,000 மீட்டரில் உலக சாதனை இல்லை. பதக்கத்துக்கான ஓட்டத்தில் நான் ஃபாரா பக்கம்தான். கடிகாரத்தோடு மட்டும் போட்டி என்றால், யோசிக்காமல் கிளார்க்.