போர்ட்ஸ்மத்: கப்பல்துறையும் எழுத்தாளர்களும்

கேள்வி: இங்கிலாந்தின் துறைமுக நகரமான போர்ட்ஸ்மத்தைச் சுற்றிப் பார்க்க எனக்கு ஒரு நாள்தான் கிடைக்கும். எழுத்தாளர்கள் வாழ்ந்த இடங்களைக் காட்டும் நடையில் சேர்வதா, கடற்படை வரலாற்றைச் சொல்லும் நடையில் சேர்வதா? வழிகாட்டி இல்லாமல் நாமே பார்த்துவிட முடியாதா?

பதில்: இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் அவருடனேயே செல்லுங்கள், ஏனெனில் அந்நகரத்தின் இலக்கியத்தைக் கப்பல்துறையிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம். சார்லஸ் டிக்கன்ஸ் 1812 பிப்ரவரி 7 அன்று அங்கே பிறந்ததற்குக் காரணம், அவருடைய தந்தை கடற்படையின் சம்பள அலுவலகத்தில் எழுத்தராக இருந்ததே. ஜேன் ஆஸ்டினின் சகோதரர்கள் இருவர் கடற்படை அதிகாரிகள். அவருடைய ‘மான்ஸ்ஃபீல்டு பார்க்’ நாவலின் நாயகி பிறந்த வீட்டுக்குத் திரும்பும் பகுதியில், இடம் போதாத அந்த போர்ட்ஸ்மத் வீட்டின் இரைச்சலும், கப்பலேறப் போகும் அண்ணனைச் சுற்றிய பரபரப்பும் அத்தனை உயிரோட்டத்துடன் அமைந்திருப்பது தற்செயலன்று. பம்பாயில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங், ஆறு வயது நிறைவதற்கு முன்பே பெற்றோரைப் பிரிந்து, 1871 முதல் 1877 வரை போர்ட்ஸ்மத்தின் சவுத்சீ பகுதியில் துயருற்று வளர்ந்ததும் வணிகக் கப்பலில் பணியாற்றிய ஒருவரின் வீட்டில்தான். அந்தச் சிறுவனின் தனிமையை நினைத்தபடி அத்தெருவில் நடப்பது எனக்கு எந்தப் போர்க்கப்பலையும்விட முக்கியமானதாகத் தோன்றுகிறது.

வழிகாட்டி அவசியம் என்றே கருதுகிறேன். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு உள்ளான நகரம் அது. கேட்க வேண்டிய கதைகள் பல, இன்று இல்லாத கட்டடங்களைச் சார்ந்தவை. மருத்துவராக 1882இல் அங்கு குடியேறிய ஆர்தர் கானன் டாயில், நோயாளிகள் அதிகம் வராத பொழுதுகளில் எழுதத் தொடங்கி, 1886இல் முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையை எழுதிய வீடு இப்போது இல்லை. 1805 செப்டம்பர் 14 அன்று, திரண்டிருந்த மக்களைத் தவிர்ப்பதற்காகப் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன் பின்வாசல் வழியாக வெளியேறிக் கடற்கரைக்குச் சென்ற விடுதியும் இல்லை. வெற்று நடைபாதையில் நிற்கும் நமக்கு, அங்கே என்ன இருந்தது என்பதை விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும்.

கப்பல்களுக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். அதே 1805இல் பிரெஞ்சு, ஸ்பானியக் கடற்படைகளுடன் நடந்த டிரஃபால்கர் கடற்போரில் நெல்சன் உயிர்நீத்த ‘விக்டரி’ கப்பல் அங்கே உலர்துறையில், அதாவது நீரை வெளியேற்றிய கப்பல் தளத்தில், நிற்கிறது. நேரம் குறைவாக இருந்தால், 1545இல் மூழ்கி 1982இல் கடலடியிலிருந்து தூக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ கப்பலைத் தேர்ந்தெடுங்கள்; மாலுமிகளின் சீப்புகள், காலணிகள், பகடைக்காய்கள் ஆகியவை அதனுடன் மீண்டு வந்திருக்கின்றன. டிக்கன்ஸ் பிறந்த வீடு அருங்காட்சியகமாக உள்ளது; ஆனால் அது எல்லா நாட்களிலும் திறந்திருப்பதில்லை என்பதால், அது திறந்திருக்கும் நாளை உறுதிசெய்துகொண்ட பின்னரே பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்.