தறிச் சத்தமும் மலைக்காற்றும்

கேள்வி: ஆறு மாதம் யோகா பயின்றும் மனம் அடங்கவில்லை, ஏற்காடு சென்று வந்தால் மட்டும் இரண்டு நாள் நிம்மதி. என்ன செய்வது?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்.

பதில்: உங்கள் பயிற்சி வீணாகவில்லை, சகோதரி. மூச்சை இழுப்பதைவிட நிதானமாக வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது என்பதால், ஆசனங்களைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, தெருவில் தறிகள் ஓடத் தொடங்குமுன் மொட்டை மாடியில் அமர்ந்து, 4 எண்ணும்வரை இழுத்து 6 எண்ணும்வரை விடுவதை 10 நிமிடம் செய்யுங்கள். அடக்கிப் பிடிக்க வேண்டாம்.

அடுத்தமுறை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மலையேறியதும், ஏரிக்கரைக் கூட்டத்தைத் தவிர்த்து, காப்பித் தோட்டத்தை ஒட்டிய பாதையில் கைப்பேசியின்றி நடந்து, சில்வர் ஓக் மரத்தைச் சுற்றியேறும் மிளகுக்கொடியில் ஒரே ஓர் இலையை, அதன் நுனியில் பனித்துளி திரண்டு விழும்வரை பார்த்திருங்கள். அந்தக் கவனத்தையே மாடிக்கும் கொண்டுவரலாம். வாரக்கணக்கில் தூக்கமின்றித் தவித்தால் மருத்துவரையும் அவசியம் பாருங்கள்.