ஏவுதளமும் கடலுக்குப் போகாத நாளும்

அன்புள்ள ஐயா,

குலசேகரன்பட்டினம் ஏவுதளத்தை வரவேற்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதன் பிற்பகுதியில், அங்கிருந்து தனியார் ராக்கெட்டுகள் கிளம்புவதற்கு முன் நாடாளுமன்றம் விண்வெளிச் சட்டம் ஒன்றை இயற்ற வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பொறியியல் படித்த எனக்கு, இப்போதுதான் எழுந்து நிற்கும் கன்றின் காலில் கயிறு கட்டுவது போல அது தோன்றியது. அமெரிக்கா தன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாமல் விட்டதால்தானே அவை இவ்வளவு வளர்ந்தன? அப்துல் கலாம் பிறந்த கரையிலிருந்து இப்படியொரு குரல் வரலாமா? அந்தச் சட்டத்தில் அப்படி என்னதான் இருக்க வேண்டும் என்கிறீர்கள்?

வாசகர் ஒருவர், சாயல்குடி

அன்புள்ள தம்பி,

அமெரிக்காவிலிருந்தே தொடங்குகிறேன். தனியார் ராக்கெட்டுகளுக்கு உரிமம் வழங்கும் சட்டத்தை அந்நாடு 1984-லேயே இயற்றிவிட்டது. ஏவும் நிறுவனம் பிறருக்கு நேரக்கூடிய இழப்புக்காகக் காப்பீடு எடுக்க வேண்டும், அதற்கு மேற்பட்ட இழப்பில் ஒரு வரம்பு வரை அரசு துணை நிற்கும் என்ற ஏற்பாட்டை 1988-ல் சேர்த்தது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் முதல் ராக்கெட் மூன்று முறை தோற்று, நான்காம் முறையாக 2008 செப்டம்பரில்தான் சுற்றுப்பாதையை அடைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாசா அந்நிறுவனத்துக்குப் பன்னிரண்டு சரக்குப் பயணங்களுக்காக 160 கோடி டாலர் ஒப்பந்தம் அளித்தது. சட்டமும் அரசுப் பணமும் இரு பக்கமும் தாங்கிப் பிடித்த வளர்ச்சி அது. பிரான்ஸ் 2008-லும், ஜப்பான் 2016-லும், பிரிட்டன் 2018-லும் தத்தம் சட்டங்களை இயற்றின.

நம் நாட்டில் 2020-ல் தனியாருக்குக் கதவு திறந்தது. அனுமதி வழங்க இன்ஸ்பேஸ் அமைப்பு வந்தது. 2023-ல் விண்வெளிக் கொள்கை வெளியானது. 2024 பிப்ரவரியில், ராக்கெட் தயாரிப்பிலும் ஏவுதளங்களிலும் 49 சதவீதம் வரை, அரசின் முன் அனுமதி இல்லாமலேயே, நேரடி அந்நிய முதலீட்டுக்கு அமைச்சரவை வழிவிட்டது. இவை ஒவ்வொன்றையும் நான் மனதார வரவேற்கிறேன். சென்னை இளைஞர்களின் அக்னிகுல் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுமேடையிலிருந்து ராக்கெட்டைச் செலுத்தியபோது நான் அடைந்த பெருமிதம் உங்களுடையதற்குக் குறைந்ததல்ல. ஆனால் கொள்கை என்பது அமைச்சரவையின் முடிவு. அடுத்த அமைச்சரவை அதை மாற்றிவிடலாம். 2017 நவம்பரில் மக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்ட விண்வெளிச் செயல்பாடுகள் மசோதா சட்டமாகவே இல்லை.

இதில் நம் கரைக்கு என்ன என்று கேட்பீர்கள். இந்தியாவும் இலங்கையும் ஏற்றுக்கொண்டுள்ள 1972-ஆம் ஆண்டின் பொறுப்புடைமை உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டிலிருந்து ஏவப்பட்ட பொருள் பூமியில் சேதம் விளைவித்தால், அதை ஏவியது தனியாரே ஆனாலும், அந்த நாடே முழுப் பொறுப்பேற்று இழப்பீடு தர வேண்டும். தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது என்று அதன் ஏழாம் பிரிவு சொல்கிறது. ஆக, குலசேகரன்பட்டினத்திலிருந்து கிளம்பிய ராக்கெட்டின் துண்டு தலைமன்னார்க்காரரின் படகில் விழுந்தால் அவருக்காக இலங்கை அரசு வழக்காடலாம். அதே துண்டு நம் மூக்கையூர்க்காரரின் வல்லத்தில் விழுந்தால் அவருக்கு உள்நாட்டுச் சட்டம்தான் கதி. அந்தச் சட்டம்தான் நம்மிடம் இல்லை. பொதுவான இழப்பீட்டு வழக்கைத் தொடுத்து அவர் எத்தனை ஆண்டு நீதிமன்றப் படியேறுவார்?

துண்டு விழுவது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடலுக்குப் போக முடியாமல் ஒரு நாள் வீணாவது அரிதல்ல. ஏவுவதற்கு முன் கடலில் ஆபத்துப் பகுதி அறிவிக்கப்பட்டு, படகுகள் அங்கே போகக் கூடாது என்று எச்சரிக்கை வரும். காற்றாலோ கருவிக் கோளாறாலோ ஏவுதல் தள்ளிப்போனால் எச்சரிக்கையும் அடுத்த நாளுக்கு நகரும். நம் விசைப்படகுகளுக்கு ஏற்கெனவே ஆண்டில் 61 நாள் தடைக்காலம். புயல் அறிவிப்பு வந்தால் கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் அனுமதி டோக்கன் கிடையாது. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வாரத்தின் நாட்களைப் பங்கிட்டிருக்கிறோம். எஞ்சிய நாட்களில்தான் டீசல் கடனும் வலைக் கடனும் அடைபட வேண்டும். அரசு ஆண்டுக்குச் சில முறை நாட்டுக்காக ஏவியபோது கரை அதைப் பொறுத்துக்கொண்டது. வணிக ஏவுதலின் லாபமோ அடிக்கடி ஏவுவதில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, துருவங்களுக்கு மேலாகப் பூமியைச் சுற்றும் துருவப் பாதைக்குச் செல்லும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும். குலசேகரன்பட்டினத்திலிருந்து நேரே தெற்கே போகலாம். ஐந்நூறு கிலோ அளவில் சுமக்கும் சிறிய ராக்கெட்டுக்கு அந்த எரிபொருள் மிச்சம் பெரிய லாபம். நம் கடல் இருக்கும் இடத்தால் வரும் அந்த லாபத்தில், கரையில் காத்திருப்பவரின் கூலியும் ஒரு செலவாக எழுதப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. ஏவுதளம் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி ராமநாதபுரத்துக் கரைக்காரர்களான நாம் ஒதுங்க முடியாது. மன்னார் வளைகுடாவுக்கு மாவட்ட எல்லை கிடையாது.

கலாமின் பெயரைச் சொன்னீர்கள். பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் என் தந்தை வல்லத்தைத் தள்ளுவார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை முன்கூட்டிக் காட்ட நமக்கென்று ஒரு செயற்கைக்கோள்கூட இல்லை. இன்று புயலின் நகர்வும் மீன் கூடும் இடமும் கைப்பேசிக்கு வருகின்றன என்றால், அது கலாமின் தலைமுறை நமக்குக் கொடுத்தது. அந்தத் தலைமுறை பணியைத் தொடங்கிய, கேரளத்தின் தும்பாவும் ஒரு மீனவக் கிராமமே. அங்கே ராக்கெட் ஏவுதளத்துக்காகத் தேவாலயத்தையும் நிலத்தையும் கேட்டபோது, ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா வழிபாட்டுக்கு வந்த மக்களிடம் அதை எடுத்துச் சொல்லிச் சம்மதம் பெற்றார் என்பதைக் கலாமே நெகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். கரையைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது அவர் வழிக்கு மாறானதாக எனக்குத் தோன்றவில்லை.

சட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு என் விடை இது. இந்தியக் குடிமக்களுக்கும் தவறை நிரூபிக்காமலேயே இழப்பீடு கிடைக்க வேண்டும். ஏவும் நிறுவனத்தின் காப்பீடு எவ்வளவு என்பது பகிரங்கமாக இருக்க வேண்டும். ஆபத்துப் பகுதியின் அறிவிப்பு, படகு கிளம்பும் முன்பே, ஒவ்வொரு இறங்குதளத்திலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும், படகின் உரிமையாளருக்கு மட்டுமன்றி, அதில் கூலிக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் நிறுவனம் பணம் தர வேண்டும். அந்தப் பணம் மாவட்ட ஆட்சியர் வழியாக, அடுத்த ஏவுதலுக்கு அனுமதி கொடுக்கப்படும் முன்பே வந்து சேர வேண்டும்.

அன்புடன்.