இணையதளத்தைப் புதுப்பித்ததும் பழைய கட்டுரைகளின் இணைப்புகள் ஏன் வேலை செய்வதில்லை?

மாணவர் பத்திரிகைத் தளத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு முகவரி உண்டு. பழைய தளத்தில் அது வருடம், மாதம், தலைப்பு என்று இருந்திருக்கும். புதியதில் பகுதிப் பெயர், தலைப்பு என்று மாறிவிடும். கட்டுரை சர்வரில் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய முகவரியில் வருபவருக்கு 404, அதாவது 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும்.

இதற்கு மருந்து 301 திருப்பிவிடல். 'பக்கம் நிரந்தரமாக இங்கே போய்விட்டது' என்று பிரவுசருக்கும் தேடுபொறிக்கும் சர்வர் சொல்லும் குறி அது. வீடு மாறும்போது தபால்காரரிடம் புது விலாசம் கொடுத்து வைப்பது போல. (302 என்பது தற்காலிகத்துக்கு, ஊருக்குப் போயிருக்கிறோம், திரும்பி வந்துவிடுவோம் என்கிற மாதிரி.)

மாணவர் பத்திரிகையில் ஆசிரியர் குழு அடிக்கடி மாறும். படித்து முடித்துப் போனவர்கள் தங்கள் பழைய கட்டுரையின் இணைப்பை வேலை விண்ணப்பத்தில் போட்டிருப்பார்கள். அது உடைந்தால் யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியாது. அதனால் நிறம், எழுத்துரு பற்றிச் சண்டை போடுவதற்கு முன்னால் பழைய முகவரிகளின் பட்டியலை எடுத்து வையுங்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்; கூகுள் அதையும் பெரும்பாலும் 'பக்கம் இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும், ஆகவே ஒவ்வொரு கட்டுரையும் அதனதன் புது முகவரிக்கே போக வேண்டும்.