கேள்வி பதில்: ஆள் இல்லாத விலாசத்துக்கு 227 கடிதங்கள்

கேள்வி: சார், லினக்ஸில் சி மொழியில் ஒரு சர்வரும் நான்கு கிளையண்டுகளும் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே மெசேஜ் க்யூ (புரோகிராம்கள் ஒன்றுக்கொன்று செய்தி போட்டு எடுக்கிற வரிசை). கிளையண்ட், செய்திக்கு விலாசம் போல இருக்கிற எம்டைப் என்ற எண்ணில் 1 போட்டுக் கேள்வி அனுப்பும், சர்வர் அந்தக் கிளையண்டின் பிராசஸ் ஐடியையே (ஓடும் புரோகிராமுக்கு சிஸ்டம் தரும் எண்) எம்டைப்பாகப் போட்டுப் பதில் அனுப்பும். எம்டைப் போக 64 பைட் டேட்டா. இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடுகிறது, அப்புறம் எல்லாம் அப்படியே நின்றுவிடுகிறது. சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட விட்டாலும் அசையவில்லை, மெஷினை ரீபூட் செய்தால்தான் சரியாகிறது. க்யூ நிலவரம் காட்டும் ஐபிசிஎஸ் கமாண்டைப் போட்டுப் பார்த்தால் யூஸ்டு பைட்ஸ் 16,344, மெசேஜஸ் 227 என்று காட்டுகிறது. கோடை நான்கு தடவை வரிவரியாகப் படித்துவிட்டேன், தப்பு தெரியவில்லை.

பதில்: ஐந்தாவது தடவை படிக்க வேண்டாம். விடையை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

16,344-ஐ 227-ஆல் வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் 72 வரும். டேட்டா 64 பைட் என்கிறீர்கள், மீதி 8 எங்கிருந்து வந்தது? அனுப்பும்போது சைஸ் கேட்கிற இடத்தில் எம்டைப்பும் டேட்டாவும் சேர்ந்த முழு ஸ்ட்ரக்சருக்கும் சைஸ்ஆஃப் போட்டிருப்பீர்கள். அங்கே எம்டைப்பைச் சேர்க்கக் கூடாது. எம்டைப் ஒரு லாங் வகை எண், 64 பிட் லினக்ஸில் அது 8 பைட். ஆக ஒவ்வொரு மெசேஜோடும் ஸ்ட்ரக்சரைத் தாண்டி இருக்கிற 8 பைட் குப்பையும் ஏறிப் போகிறது. வாங்கும் பக்கமும் அதே 72 இருந்தால் இன்னும் மோசம், அந்தக் குப்பை பக்கத்து வேரியபிள் மேல் போய் உட்காரும்.

இது முதல் தப்புதான், உங்களை நிறுத்தி வைத்தது இது இல்லை. ஒரு க்யூவின் இயல்பான கொள்ளளவு 16,384 பைட். உங்களுடையதில் 40 பைட் இடம்தான் மிச்சம், 72 எப்படி நுழையும்? இடம் இல்லையென்றால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எர்ரர் தராது, அனுப்ப வந்தவரை அப்படியே தூங்க வைத்துவிடும். சைஸைச் சரிசெய்தால் 227-க்குப் பதில் 256 மெசேஜ் கொள்ளும், நிற்பது கொஞ்சம் தள்ளிப்போகும். கொள்ளளவைக் கூட்டிவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள், அதுவும் இதே கதைதான்.

சரி, அந்த 227-ம் யாருக்கு வந்த கடிதங்கள்? கேள்வி கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கண்ட்ரோல் சி அடித்தோ கிராஷ் ஆகியோ போய்ச் சேர்ந்த கிளையண்டுகளுக்கு வந்தவை என்பது என் கணிப்பு. அந்த பிராசஸ் ஐடிக்கு வந்த பதிலை வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். க்யூ உங்கள் புரோகிராமில் இல்லை, கெர்னலில் இருக்கிறது. சர்வரைக் கொன்றாலும் அது சாகாது. கேள்வியும் பதிலும் ஒரே க்யூவில் போவதால் உயிரோடு இருக்கிறவர்களும் கேள்வி போட முடியாமல் நிற்கிறார்கள். இதைவிட வேடிக்கை, பழைய பிராசஸ் ஐடி என்றைக்காவது புதுக் கிளையண்டுக்குக் கிடைத்தால், போன வாரத்துப் பதில் கேட்காமலே கையில் வந்து விழும்.

கணிப்பை நம்ப வேண்டாம், சோதித்துவிடுங்கள். மெசேஜை வெளியே எடுக்காமல் நகல் மட்டும் எடுக்க எம்எஸ்ஜி காப்பி என்று ஒரு ஃபிளாக் உண்டு, காத்திருக்காமல் உடனே திரும்பச் சொல்லும் நோவெயிட் ஃபிளாகோடு சேர்த்துப் போட வேண்டும். கெர்னல் 3.8-லிருந்து இருக்கிறது, ஆனால் கெர்னலை பில்ட் செய்தபோது செக்பாயிண்ட் ரீஸ்டோர் வசதியைச் சேர்த்திருக்க வேண்டும். இருபது வரியில் ஒரு புரோகிராம் எழுதி 227-க்கும் எம்டைப்பை பிரிண்ட் செய்து, ஓடும் பிராசஸ்களை பிஎஸ் கமாண்ட் காட்டும் பட்டியலோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

உறுதியானதும் பதிலுக்குத் தனி க்யூ வையுங்கள். சர்வர் பதிலை நோவெயிட் போட்டே அனுப்பட்டும். இடமில்லை என்று வந்தால், கில் ஃபங்ஷனை சிக்னல் 0 கொடுத்துக் கூப்பிட்டு எந்தெந்த ஆள் இருக்கிறார் என்று பார்த்து, இல்லாதவர்களின் எம்டைப்புக்கு வந்ததையெல்லாம் சர்வரே எடுத்து எறிந்துவிடலாம். அதுவரை ரீபூட் எதற்கு, க்யூவை அழிக்கும் ஐபிசிஆர்எம் கமாண்ட் போதும். ஆனால் க்யூவை அழித்தால் தூங்கிக்கொண்டிருக்கும் எல்லாரும் எர்ரரோடு விழித்துக்கொள்வார்கள், திரும்பி வரும் மைனஸ் 1-ஐ உங்கள் கோட் பார்க்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஷேர்டு மெமரியில் (பிராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் மெமரி) ஒரு லிங்க்டு லிஸ்ட் வைத்திருக்கிறேன். ஃபோர்க் செய்து, அதாவது ஒரே பிராசஸிலிருந்து நகல் பிறக்க வைத்து, சோதித்தபோது ஓடியது. இரண்டு தனி புரோகிராமாகப் பிரித்ததும் படிக்கிற பக்கம் செக்மெண்டேஷன் ஃபால்ட். மெமரி இரண்டுக்கும் ஒன்றுதானே?

பதில்: மெமரி ஒன்றுதான், விலாசம் ஒன்றில்லை. ஃபோர்க் செய்தால் பிள்ளைக்கு அப்பாவின் மேப்பிங் அதே அட்ரஸில் கிடைக்கும், அதனால் தப்பித்தீர்கள். தனித்தனியாக அட்டாச் செய்யும்போது கெர்னல் ஆளுக்கொரு அட்ரஸ் கொடுக்கலாம், லிஸ்டில் அடுத்ததைக் காட்டும் நெக்ஸ்ட் பாயிண்டரில் இருப்பதோ எழுதியவரின் அட்ரஸ். பிராக் டைரக்டரியில் இரண்டு பிராசஸுக்கும் மேப்ஸ் ஃபைலைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் செக்மெண்ட் (ஷேர்டு மெமரித் துண்டு) பெயருக்குப் பின்னால் டெலீட்டட் என்று இருக்கும், பதறாதீர்கள், பழைய யூனிக்ஸிலிருந்து வந்த சிஸ்டம் ஃபைவ் வகை ஷேர்டு மெமரிக்கு அது எப்போதும் அப்படித்தான் காட்டும். (நான் முதன்முதலில் அதைப் பார்த்துவிட்டு ஒரு மதியம் முழுக்க யார் அழித்தது என்று தேடினேன்.) பாயிண்டருக்குப் பதில் செக்மெண்டின் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி என்ற ஆஃப்செட்டை வையுங்கள். தங்களுக்குள் பாயிண்டர் வைத்திருக்கும் சி பிளஸ் பிளஸ் ஸ்ட்ரிங், வெக்டர் எல்லாவற்றையும் உள்ளே போட்டாலும் இதே கதிதான்.

கேள்வி: ஒரு பிராசஸ் ஷேர்டு மெமரியில் டேட்டாவை எழுதிவிட்டு ரெடி ஃபிளாகை 1 ஆக்கும், இன்னொன்று ஃபிளாகைப் பார்த்துவிட்டுப் படிக்கும். லேப்டாப்பில் பிரச்சினையே இல்லை. ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் எப்போதாவது ஃபிளாக் 1 ஆகவும் டேட்டா பழையதாகவும் வருகிறது. பிரிண்ட்எஃப் போட்டால் மறைந்துவிடுகிறது! வாலடைல் போட்டும் பயனில்லை.

பதில்: உங்கள் லேப்டாப் இன்டெல் அல்லது ஏஎம்டியாக இருக்கும். அந்த வகை பிராசஸரில் ஒரு கோர் எழுதியது மற்ற கோர்களுக்கு எழுதிய வரிசையிலேயே தெரியும். ராஸ்பெரி பையில் இருப்பது ஏஆர்எம் பிராசஸர், அது அந்த உத்தரவாதம் தருவதில்லை. வாலடைல் கம்பைலரைத்தான் கட்டிப்போடும், பிராசஸரை இல்லை. ஃபிளாகை சி11 அட்டாமிக் ஆக்கி, எழுதும்போது ரிலீஸ், படிக்கும்போது அக்வயர் என்று போடுங்கள், வரிசையைக் காக்கச் சொல்லும் குறிப்புகள் இவை. பிரிண்ட்எஃப் நேரத்தை மாற்றிவிடுவதால் பக் ஒளிந்துகொள்கிறது. இந்த மாதிரி பக்குகளுக்கு பிரிண்ட்எஃப் போட்டுத் தேடுவதை விட்டுவிடலாம்.

கேள்வி: எஸ்எஸ்ஹெச்சில் (தூரத்து மெஷினுக்குள் நுழையும் வழி) போய் புரோகிராமைப் பின்னணியில் ஓட விட்டு லாக்அவுட் செய்தால், புரோகிராம் இருக்கிறது, ஷேர்டு மெமரி செக்மெண்ட் காணாமல் போகிறது. யாரும் ஐபிசிஆர்எம் போடவில்லை.

பதில்: முதல் கேள்வி கேட்டவருக்கு க்யூ போக மாட்டேன் என்கிறது, உங்களுக்கு செக்மெண்ட் இருக்க மாட்டேன் என்கிறது! லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டியில், லாகின்களைக் கவனிக்கும் லாகின்டி என்ற பகுதி செய்கிற வேலை இது. அதன் கான்ஃபிக் ஃபைலில் ரிமூவ்ஐபிசி யெஸ் என்று இருந்தால், அந்த யூசரின் கடைசி செஷன் முடிந்ததும் அவருடைய ஐபிசி பொருட்களை (க்யூ, ஷேர்டு மெமரி போன்றவை) துடைத்துவிடும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டேட்டாபேஸின் ஆவணத்திலேயே இதைப் பற்றி எச்சரிக்கை இருக்கிறது. ரூட்டுக்கும் சிஸ்டம் யூசர்களுக்கும் (சர்வீஸ்களுக்காக வைக்கும் கணக்குகள்) இது பொருந்தாது, அதனால் புரோகிராமை ஒரு சிஸ்டம் யூசர் பெயரில் சர்வீஸாக ஓட விடுங்கள், இல்லையென்றால் அந்த வரியை நோ என்று மாற்றி லாகின்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.