அந்த அறைக்கு யார் காசு கொடுத்தது?

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி வரும் மாதத்தோடு பத்து வருடம் ஆகிறது. இருவரும் நிரந்தரவாசிகள். இத்தனை வருடம் சிங்கப்பூரில் இருந்தும் மரினா பே சேண்ட்ஸையும் செந்தோசாவையும் வெளியே நின்று பார்த்ததோடு சரி. இந்தத் தடவை பிள்ளைகள் இருவரையும் மாமியாரிடம் விட்டுவிட்டு இரண்டு இரவு தங்கலாம் என்று இருக்கிறோம். மாடியில் இருக்கும் அந்த நீச்சல் குளத்துக்காக மரினா பே சேண்ட்ஸ் போவதா, அமைதிக்காகச் செந்தோசா போவதா என்று முடிவெடுக்க முடியவில்லை. இரண்டில் ஓர் இடத்தில் என் கணவரின் மெம்பர் கார்டில் பாயிண்ட் நிறையச் சேர்ந்திருப்பதால் அறை இலவசமாகவே கிடைக்குமாம். வரவு செலவெல்லாம் அவர் பொறுப்பு, நான் தலையிடுவதில்லை. எங்களைப் போல முதல் தடவை போகிறவர்களுக்கு எது பொருத்தம்? எந்தப் பக்கம் பார்த்த அறை கேட்கலாம்?
— ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்:

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மரினா பே சேண்ட்ஸ். 57ஆவது மாடியில் இருக்கும் அந்தக் குளத்தில் அங்கே தங்குகிறவர்கள் மட்டும்தான் இறங்க முடியும். டிக்கெட் வாங்கி மேலே போகிறவர்கள் பார்வைத் தளத்தோடு திரும்பிவிட வேண்டியதுதான். அதனால் அந்த ஆசைக்குத் தங்கித்தான் ஆகவேண்டும். செந்தோசாவில் இருப்பது யுனிவர்சல் ஸ்டூடியோஸும் மீன் காட்சியகமும். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு அங்கே போனால் பார்க்கிற ஒவ்வொன்றிலும் பிள்ளைகள் ஞாபகம்தான் வரும். நகரத்தைப் பார்த்த அறை என்றால் சாயங்காலம் கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்க்கலாம். பின்பக்க அறை என்றால் கரையோரப் பூந்தோட்டமும் கடலில் நிற்கும் கப்பல்களும் தெரியும்.

சரி, இது யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. கணவரின் கார்டில் பாயிண்ட் நிறையச் சேர்ந்திருக்கிறது, அறை இலவசம். இதை நல்ல செய்தியாக எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எந்த இடத்துக் கார்டு என்று நீங்கள் எழுதியிருந்ததை நான் எடுத்துவிட்டேன், அது இங்கே முக்கியமில்லை. பாயிண்ட் எப்படிச் சேர்ந்தது என்பதுதான் முக்கியம். அதைத்தான் நீங்கள் கேட்கவே இல்லை.

'எங்களைப் போல முதல் தடவை போகிறவர்கள்' என்கிறீர்கள். தங்கச்சி, முதல் தடவை போவது நீங்கள். அவர் இல்லை.

இந்தக் கார்டுகளில் கடையில் வாங்கியதற்கும் உணவகத்தில் சாப்பிட்டதற்கும்கூடப் பாயிண்ட் ஏறும் என்பது எனக்குத் தெரியும். உங்கள் கணவர் அலுவலக விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு அங்கே அடிக்கடி சாப்பிடப் போகிறவராக இருக்கலாம். அப்படியென்றால் அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இரண்டு இரவு அறை இலவசமாக வரும் அளவுக்கு ஒருவர் ஒரே இடத்தில் வாங்கித் தின்றிருந்தால், ஒரு பையாவது வீட்டுக்கு வந்திருக்க வேண்டுமே? வந்ததா?

நீங்கள் சொல்லும் இரண்டு இடத்திலும் சூதாட்டக்கூடம் இருக்கிறது, அங்கே ஆடினாலும் கார்டில் பாயிண்ட் ஏறும். சூதாட்டக்கூடம் அறையை எப்படி இலவசமாகத் தருகிறது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இயந்திரத்தில் ஆடினால் கார்டைச் சொருகிவிட்டு ஆடுவார்கள். மேசையில் ஆடினால், ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எவ்வளவு வைக்கிறார், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்று மேற்பார்வையாளர் குறித்துக்கொள்வார். அதை வைத்து இந்த ஆள் நமக்கு எவ்வளவு விட்டுவிட்டுப் போவார் என்று கணக்குப் போடுவார்கள். அன்றைக்கு அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்பதைவிட, இப்படியே ஆடிக்கொண்டிருந்தால் சராசரியில் எவ்வளவு தோற்பார் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். அதில் ஒரு பங்கை அறையாகவும் சாப்பாடாகவும் திருப்பித் தருவார்கள். மறுபடி வரவேண்டும் என்பதற்காகத் தருவது.

பக்கரா என்ற சீட்டாட்டத்தை எடுத்துக்கொள்வோம். மற்ற ஆட்டங்களோடு பார்த்தால் அதில் கூடத்துக்குப் போகும் பங்கு குறைவு. வழக்கமான இரண்டு பந்தயங்களில் 100 வெள்ளிக்கு ஏறக்குறைய 1 வெள்ளி 20 காசு. ஒரு தடவைக்கு 100 வெள்ளி வைக்கிறார், மணிக்கு 70 ஆட்டம் என்றால் 7,000 வெள்ளி மேசையில் போய்வருகிறது. அதில் கூடத்தின் பங்கு 84 வெள்ளி. அதில் மூன்றில் ஒன்றைத் திருப்பித் தருகிறார்கள் என்று தாராளமாகவே வைப்போம், மணிக்கு 28 வெள்ளி. உங்கள் இரண்டு இரவு அறையின் விலை 1,200 வெள்ளி என்று குறைத்தே போடுவோம். அதைச் சம்பாதிக்க அவர் ஏறக்குறைய 43 மணி நேரம் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நேரம் குறைவாக உட்கார்ந்திருந்தால் பணம் அதிகம் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். பணம் குறைவாக வைத்திருந்தால் 43 மணி நேரமும் போதாது.

நுழைவுக் கட்டணம் வேறு இருக்கிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும், வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் 3,000 வெள்ளி. 2010இல் 100 வெள்ளியாக இருந்தது, 2019 ஏப்ரலில் 150 ஆனது. இந்தக் கட்டணத்தைச் சூதாட்டக்கூடம் திருப்பித் தரக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. 43 மணி நேரத்தை ஒரு தடவைக்கு நாலு மணி நேரமாகப் பிரித்தால் 11 தடவை. 11 தடவைக்கு 1,650 வெள்ளி. ஆட்டத்தில் என்ன போனது என்ற பேச்சே வேண்டாம், கதவைத் தாண்டக் கொடுத்ததே அறை விலையைவிட அதிகம். இதையா இலவசம் என்கிறீர்கள்?

இந்தக் கட்டணம் ஏன் வந்தது என்பதையும் யோசியுங்கள். 2005இல் சூதாட்டக்கூடத்தோடு சேர்ந்த இந்த இரண்டு ஒருங்கிணைந்த உல்லாசத் தளங்களுக்கு அனுமதி கொடுத்தபோதே, வெளியூர்க்காரர்கள் வரட்டும், நம் வீடுகள் கெட்டுவிடக்கூடாது என்ற கவலை அரசாங்கத்துக்கு இருந்தது. அதனால்தான் வெளிநாட்டவர் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டுக் காசு கட்டாமல் போகலாம், நாம் கட்ட வேண்டும். ஒரு லட்சம் வெள்ளிக்குக் குறையாமல் முன்பணம் கட்டி வைத்திருக்கும் பெரும்பணக்காரர்களைத் தவிர, இங்குள்ளவர்களுக்குக் கூடம் கடன் கொடுக்கவும் முடியாது. அனுமதி கொடுத்தவர்களே இத்தனை வேலி போட்டிருக்கும்போது, வீட்டுக்குள் இருக்கும் நீங்கள் 'நான் தலையிடுவதில்லை' என்று எழுதுகிறீர்கள்.

அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. தலையிடாமல் இருப்பது பணிவு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கடனில் உங்கள் பெயரும் இருக்கும். இரண்டு பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது, வயதான மாமியார் இருக்கிறார். அந்தக் குடும்பத்தின் பணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது உங்கள் கடமை. அதைக் கணவருக்குச் செய்யும் மரியாதை என்ற பேரில் பத்து வருடமாகத் தட்டிக்கழித்திருக்கிறீர்கள். அவர் தப்பு செய்திருந்தால் அது அவர் தப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கேட்க வேண்டியவர் கேட்காமல் இருந்தது உங்கள் தப்பு.

என் சின்ன மாமா புக்கித் தீமாவில் குதிரைப் பந்தயம் நடந்த காலத்து மனிதர். பந்தயப் பணம் பிடிக்கும் ஆள் ஒருவன் தீபாவளிக்கு முதல் நாள் அவர் வீட்டுக்கு ஒரு கூடை அனுப்புவான். பிஸ்கட் டின், முந்திரிப் பருப்பு, ஆரஞ்சுப் பானப் போத்தல் எல்லாம் இருக்கும். அத்தை அதைப் பிரித்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுப்பார். "எங்க வீட்டுக்காரருக்கு வெளியில எவ்வளவு மரியாதை பாருங்க" என்பார். நானும் அந்த முந்திரியைத் தின்றிருக்கிறேன். மூத்த மகளின் சடங்குக்கு அட்டிகையை எடுக்கப் பெட்டியைத் திறந்தபோதுதான், அது அடகுக்கடைக்குப் போய் மூழ்கியே ஆறு மாதம் ஆகியிருந்தது அத்தைக்குத் தெரிந்தது. மாமா எப்படியோ மீண்டுவிட்டார். ஆனால் அத்தை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது அட்டிகையைப் பற்றி இல்லை. "அந்தக் கூடையை என் கையால வாங்கினேனே" என்றுதான்.

உங்களுக்கு வரப்போகும் அறைச் சாவியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தக் கூடைதான் ஞாபகம் வந்தது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பிள்ளைகளும் மாமியாரும் தூங்கிய பிறகு அவரோடு உட்காருங்கள். ஒரே கேள்வி கேளுங்கள்: "பாயிண்ட் எப்படிச் சேர்ந்தது?" குரலை உயர்த்தாதீர்கள், அழாதீர்கள். சாப்பிட்டது, வாங்கியது என்று சொன்னால் கைப்பேசியில் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எவ்வளவு ஏறியது என்று பார்க்கலாம். வங்கிக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள், கார்டில் கட்டியிருந்தால் 150 வெள்ளி 150 வெள்ளியாகக் கண்ணில் படும். "நான் ஜெயிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று சொன்னால் ஜெயித்த பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள். கேள்வியைக் கேட்டதுமே அவருக்குக் கோபம் வந்தால், கார்டைப் பார்க்காமலே உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நகைப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். அடகுச் சீட்டு ஏதாவது இருக்கிறதா, வட்டிக்காரர்களிடமிருந்து குறுஞ்செய்தி வருகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் வேவு பார்ப்பது இல்லையா என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுக் கணக்கை நீங்கள் பார்ப்பது வேவு இல்லை.

அவர் ஒத்துக்கொண்டால் அதை மதியுங்கள். ஒரு மனிதன் இதை வாய்விட்டுச் சொல்வது லேசான காரியமில்லை. தன்னை உள்ளே விடக்கூடாது என்று தானே எழுதிக்கொடுக்கும் வசதி இங்கே இருக்கிறது, சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய மன்றத்திடம் விண்ணப்பிக்கலாம். அன்றைக்கே இருவரும் சேர்ந்து உட்கார்ந்து செய்துவிடுங்கள். மாதச் சம்பளம் இனி இருவர் கண்ணிலும் படும் கணக்குக்கு வரட்டும்.

ஒத்துக்கொள்ள மறுத்து, கணக்கில் மட்டும் ஓட்டை தெரிந்தால், மனைவி என்ற முறையில் நீங்களே அவருக்குத் தடை கேட்டு அதே மன்றத்திடம் விண்ணப்பிக்கலாம். பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. ஒரு மதிப்பீட்டுக் குழு உங்களையும் கேட்கும், அவரையும் கேட்கும், அதன் பிறகுதான் முடிவு சொல்லும். முழுத் தடை வேண்டாம், மாதத்துக்கு இத்தனை தடவைதான் என்று வரம்பு வைக்கவும் வழி உண்டு. முதலில் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 1800-6-668-668 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். கட்டிய கணவர்மேல் மனுக் கொடுப்பதா என்று உங்களைக் கூச்சப்படுத்த நாலு பேர் வருவார்கள். அந்த நாலு பேரும் உங்கள் வீட்டுக் கடனைக் கட்ட வரமாட்டார்கள்.

மாமியாரிடம் எடுத்தவுடனே போகாதீர்கள். முதலில் இது உங்கள் இருவருக்குள் பேசவேண்டியது. ஆனால் தடை வாங்கும் அளவுக்குப் போனால் அவரிடம் மறைக்காதீர்கள். மகன் எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள அந்தத் தாய்க்கு உரிமை இருக்கிறது. சில வீடுகளில் மனைவி சொல்லிக் கேட்காதவன் அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்தால் கேட்பான். அதை நான் பார்த்திருக்கிறேன்.

பாயிண்ட் ஆட்டத்தில் சேர்ந்ததுதான் என்று தெரிந்தால் அந்த அறைக்குப் போகாதீர்கள். கட்டில் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும், ஜன்னல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் வேண்டாம். அவரைத் திரும்ப அழைப்பதற்காகவே தரப்படும் அறை அது. அறையிலிருந்து இறங்கினால் கூடம். இந்தத் தடவை நீங்களும் பக்கத்தில் இருப்பீர்கள், "ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன்" என்பார், பத்தாவது கல்யாண நாளில் குளத்தோரம் ஈரத்துண்டோடு தனியாக உட்கார்ந்திருப்பீர்கள்.

சாயங்காலம் பிள்ளைகளையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு கரையோரப் பூந்தோட்டத்துக்குப் போங்கள். 7.45க்கும் 8.45க்கும் அந்தப் பெரிய மரங்களில் விளக்கும் இசையும் சேர்ந்து ஒரு காட்சி நடக்கும், காசு கிடையாது. வீட்டிலிருந்து புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் போதும். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் அந்த மூன்று கோபுரங்களும் தெரியும்.

கணக்கு சுத்தமாக இருந்தால், உங்கள் இருவர் சேமிப்பில் அடுத்த வருடம் ஓர் இரவு தங்கக் காசு ஒதுக்க முடிந்தால், எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்தக் கோபுரம், எத்தனையாவது மாடி, குளத்தில் எந்த நேரம் கூட்டம் குறைவு, எல்லாம் விவரமாகச் சொல்கிறேன்.